கோச் வாய்க்குப் பிள்ளைகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

நான் ஸ்கோர் ஷீட் எழுத உட்கார்ந்த ஆட்டங்களில் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. 16 வயதுக்குட்பட்ட பெண்கள், பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி, சிமெண்ட் கோர்ட், சாயங்காலம் விளக்கு போட்டு ஆட்டம். இரண்டாவது குவார்ட்டரிலேயே ஒரு அணியின் கோச் எழுந்துவிட்டார். முதலில் "சார், அது எப்படி சார் டிராவல்?" என்று கேட்டார், பந்தைத் தட்டாமல் அடி வைத்ததற்கு ஊதும் விசில் அது. கேட்கலாம், தப்பில்லை. அப்புறம் "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊதுங்க சார்" என்றார். அதையும் விட்டுவிடலாம். அடுத்த ஐந்து நிமிடத்தில் அது "கண்ணு தெரியலையா உனக்கு" என்று ஒருமைக்கு வந்துவிட்டது. நடுவர் சின்னப் பையன், கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும், காதில் விழாத மாதிரி அந்தப் பக்கமே திரும்பாமல் ஓடிக்கொண்டிருந்தான்.

நாலாவது குவார்ட்டர், இன்னும் 50 வினாடி. 41-40 என்று அந்த கோச்சின் அணிதான் முன்னால். பந்து கோட்டுக்கு வெளியே போனது, நடுவர் எதிரணிக்குக் கை காட்டினார், உடனே கோச் காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்தார். அது உருண்டு கோர்ட்டுக்குள் வந்து நின்றது. அப்போதுதான் விசில் வந்தது, இரண்டு கையாலும் 'டி'. டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைத் தவறுக்கான ஃபவுல். கோச் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் 'சி' என்று எழுதினேன். எதிரணிப் பெண் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் 1 புள்ளி வாய்ப்பு, போட்டாள், விழுந்தது, 41-41. பந்தும் அவர்களிடமே. கடைசியில் 43-42 என்று 1 புள்ளியில் ஆட்டம் போனது. 9-ம் நம்பர் ஜெர்சி போட்ட பெண், அன்றைக்கு அணியின் பாதிப் புள்ளிகளைப் போட்டவள், பெஞ்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து முகத்தை டவலால் மூடிக்கொண்டாள். கோச் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, ரெஃப்ரிதான் தோற்கடித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நடுவர் எடுத்த முடிவு விதிப்படி சரி. ஆனால் எடுத்த நேரம் தப்பு. அந்த 'டி' இரண்டாவது குவார்ட்டரில், "உனக்கு" என்ற வார்த்தை வந்த இடத்திலேயே வந்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய விஷயம்: கத்தியவர் கோச், உதைத்தவர் கோச், புள்ளியை இழந்தது 9-ம் நம்பர் பெண். தண்டனை போய்ச் சேர வேண்டிய ஆளிடம் சேரவில்லை. பயிற்சியாளர்களின் நடத்தையைப் பற்றிப் பேசும்போது 'கடுமையாகத் தண்டிக்க வேண்டும்', 'பொறுத்துப் போக வேண்டும்' என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறோமே தவிர, யாருக்குத் தண்டனை, எப்போது தண்டனை என்ற கேள்வியை விட்டுவிடுகிறோம்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் மாவட்டப் போட்டியிலிருந்து தேசியப் போட்டி வரை சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப் புத்தகத்தை வைத்துத்தான் ஆடுகிறோம். அதில் 36-வது விதி டெக்னிக்கல் ஃபவுல் பற்றியது. உடல் மோதாமல், நடத்தையால் செய்யும் தவறு என்று சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம். நடுவரையோ ஸ்கோர் டேபிளில் இருப்பவர்களையோ எதிரணியையோ மரியாதை இல்லாமல் பேசுவது, எச்சரித்த பிறகும் அதையே செய்வது, பார்வையாளர்களைத் தூண்டிவிடும் விதமாகப் பேசுவது அல்லது சைகை காட்டுவது, ஆட்டத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும். தலைமைப் பயிற்சியாளர் நடுவரிடம் பேசவே கூடாது என்று விதி சொல்லவில்லை. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது, கடிகாரம் நின்றிருக்கும்போது, மரியாதையாகப் பேசலாம். நிற்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம், அதுவும் பெஞ்ச் பகுதிக்குள்தான்.

பெஞ்சில் யார் தப்பு செய்தாலும் அது தலைமைப் பயிற்சியாளர் கணக்கில்தான் ஏறும். அவரே செய்தால் ஸ்கோர் ஷீட்டில் 'சி'. உதவிப் பயிற்சியாளரோ, மாற்று ஆட்டக்காரரோ, பெஞ்சில் இருக்கும் வேறு யாரோ செய்தால் 'பி', அதுவும் தலைமைப் பயிற்சியாளர் பெயருக்கு நேரேதான். இரண்டு 'சி' ஆனால் அவர் வெளியே. மூன்று 'பி' ஆனாலும் வெளியே, அல்லது இரண்டு 'பி'யும் ஒரு 'சி'யும் சேர்ந்தாலும் வெளியே. வெளியே என்றால் கேலரியில் போய் உட்கார்ந்து அங்கிருந்து கத்துவது இல்லை. டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போக வேண்டும், இல்லை கட்டடத்தை விட்டே போக வேண்டும். நம் ஊர்த் திறந்தவெளி கோர்ட்டுகளில் இது பெரிய தலைவலி. வெளியேற்றப்பட்ட கோச் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆட்டம் முழுக்க அணியை நடத்துவதைப் பார்த்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கெட்ட வார்த்தையால் திட்டுவது, அடிக்கப் போவது போன்ற பெரிய குற்றம் என்றால் எண்ணிக்கை எல்லாம் பார்க்க வேண்டியதில்லை, நேரடியாகவே வெளியேற்றலாம். அதற்குத் தண்டனை 2 ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் எதிரணிக்கு.

சரி, சாதாரண டெக்னிக்கலுக்கு என்ன விலை? இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2014-க்கு முன்பு ஃபிபா விதியில் 2 ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்கு. 2014-ல் அது 1 ஃப்ரீ த்ரோவும் பந்தும் என்று குறைந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து பந்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 1 ஃப்ரீ த்ரோ போட்டதும், விசில் ஊதியபோது பந்து யாரிடம் இருந்ததோ அவர்களிடமே திரும்பிப் போகிறது. நூற்றுக்கு 75 போடும் ஆள் ஒருவர் லைனில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதியில் 2 ஃப்ரீ த்ரோவுக்குச் சராசரியாக 1.5 புள்ளி, ஒரு முறை பந்து கிடைப்பதற்கு ஏறக்குறைய 1 புள்ளி, ஆக 2.5. இப்போது 0.75. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அது போதாதென்று, ஆட்டக்காரர் வாங்கும் டெக்னிக்கல் அணியின் ஃபவுல் எண்ணிக்கையில் சேரும், கோச் பெயரில் எழுதும் டெக்னிக்கல் சேராது. ஆக, ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ கொடுக்கிற ஃபவுல்களிலேயே மலிவானது கோச்சுடைய முதல் டெக்னிக்கல்தான்.

இந்த மலிவு கெட்டது என்று உடனே சொல்லிவிட மாட்டேன். விலை குறைவாக இருந்தால் நடுவர் தயங்காமல் கொடுக்கலாம். 20 வயதுப் பையன் ஒருவன் 50 வயது கோச்சுக்கு 'டி' காட்ட வேண்டுமென்றால், அது ஆட்டத்தையே புரட்டிப் போடாத அளவுக்கு இருப்பது நல்லதுதான். ஆனால் மலிவான தண்டனைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அதைச் சீக்கிரம் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது குவார்ட்டரில் 1 புள்ளி என்பது ஒரு தட்டு, எல்லோரும் மறந்துவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் அதே 1 புள்ளி ஒரு தீர்ப்பு. விதிப் புத்தகம் இரண்டையும் ஒரே விலையில் வைத்திருக்கிறது, ஆனால் கோர்ட்டில் இரண்டும் ஒன்றல்ல. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொடுக்கும் நடுவர் தான் கருணை காட்டியதாக நினைக்கிறார். உண்மையில் அவர் ஒரு சின்னத் தண்டனையை எடுத்துப் பெரிதாக வளர்த்து, இருப்பதிலேயே கொடுமையான நேரத்தில் பிள்ளைகள் தலையில் வைக்கிறார்.

தாமதம் ஏன் நடக்கிறது? பயம் ஒரு காரணம். இன்னொன்று, கத்தினால் பலன் உண்டு என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரிவது. 2009-ல் கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் 365 ஆட்டங்களை எடுத்து, அடுத்த ஃபவுல் எந்தப் பக்கம் ஊதப்படுகிறது என்று பார்த்தார்கள். ஒரு அணிக்கு ஃபவுல் கூடக்கூட, அடுத்த விசில் எதிர்ப்பக்கம் போவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. எண்ணிக்கையைச் சமன் செய்யும் பழக்கம் நடுவருக்கே தெரியாமல் உள்ளே ஓடுகிறது. கோச் கத்துவதை அவர்கள் அளக்கவில்லை. ஆனால் "ஏழுக்கு ரெண்டு சார், ஏழுக்கு ரெண்டு!" என்று ஃபவுல் கணக்கைச் சொல்லி ஒவ்வொரு விசிலுக்கும் டேபிளைப் பார்த்துக் கை நீட்டும் கோச் எதைத் தட்டி எழுப்பப் பார்க்கிறார் என்பது இதைப் படித்த பிறகு எனக்கு நன்றாகவே புரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், கோச் கத்துவது கோபம் மட்டுமல்ல. பல நேரம் அது வேலை, அவர் தன் அணிக்காகச் செய்கிற ஒரு வேலை. அந்த வேலைக்கு 0.75 புள்ளிதான் செலவு என்றால், கணக்குத் தெரிந்தவர் செய்யத்தான் செய்வார்.

உலக அளவில் பேர்போன சம்பவங்களில் இந்த விஷயத்தின் எல்லா முகமும் தெரியும். 1985 பிப்ரவரி 23, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் பர்டூ பல்கலைக்கழகத்தோடு ஆடிய ஆட்டம். தொடங்கி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. இண்டியானா கோச் பாப் நைட் விசில்கள் பிடிக்காமல் கத்தி ஒரு டெக்னிக்கல் வாங்கினார். அதற்கான ஃப்ரீ த்ரோவைப் போட பர்டூவின் ஸ்டீவ் ரீட் லைனுக்கு வந்தபோது, பெஞ்சிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கோர்ட்டுக்குக் குறுக்கே வீசினார். நாற்காலி வழுக்கிக்கொண்டே அந்தப் பக்கம் போனது. மூன்று டெக்னிக்கலோடு வெளியேறினார், இண்டியானா 72-63 என்று தோற்றது, அந்தப் பல்கலைக்கழகங்கள் ஆடும் பிக் டென் அமைப்பு அவரை ஒரு ஆட்டத்துக்குத் தடை செய்தது. நாற்காலி வீசினதை மட்டும்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: முதல் டெக்னிக்கல் சரியான நேரத்தில்தான் வந்தது, அப்படியும் அது அவரைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தண்டனை அவர் மேல் விழவே இல்லை. ஃப்ரீ த்ரோ போடப்போவது பர்டூ, புள்ளி போவது பையன்களுக்கு, அவர் நின்ற இடத்தில் நின்றபடி, கைக்கு எட்டும் தூரத்தில் நாற்காலியோடு இருந்தார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நடுவர் செய்த தவறு ஒன்று. 2007 ஏப்ரல் 15, டல்லாஸ், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ ஆட்டம். சான் அன்டோனியோவின் டிம் டங்கன் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார் என்று நடுவர் ஜோயி கிராஃபோர்ட் இரண்டாவது டெக்னிக்கல் கொடுத்து வெளியேற்றினார். டங்கன் என்பிஏவிலேயே அமைதியான ஆள் என்று பெயர் எடுத்தவர். லீக் கிராஃபோர்டை அந்த சீசனின் மிச்ச ஆட்டங்கள் முழுக்க, பிளே ஆஃப் உட்பட, நிறுத்தி வைத்தது. டங்கனுக்கும் 25,000 டாலர் அபராதம். ஃபிபா விதியில் இதுவே நடந்திருந்தால், பெஞ்சில் இருந்தவர் சிரித்ததற்கு 'பி' என்று கோச் கணக்கில் ஏறியிருக்கும். நடுவர் தன் மனதில் இருக்கும் பழைய கணக்கைத் தீர்க்க 'டி'யை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் கொடு என்று நான் சொல்வது வேறு, எரிச்சலில் கொடுப்பது வேறு.

2019 ஏப்ரல் 3-ல் அதே சான் அன்டோனியோவின் கோச் கிரெக் பாப்போவிச் டென்வரில் ஆட்டம் தொடங்கி 63 வினாடியில் இரண்டு டெக்னிக்கல் வாங்கி வெளியே போனார். அவருடைய அணி 113-85 என்று தோற்றது. ஆனால் பாப்போவிச் விஷயத்தில் அது பெரியவர்களின் ஆட்டம், சம்பளம் வாங்கும் ஆட்டம். அங்கே ஒரு சீசனில் 16 டெக்னிக்கல் சேர்ந்தால் ஒரு ஆட்டம் தடை, ஒவ்வொன்றுக்கும் பணமாகவும் அபராதம். கோச் கத்துவதற்கான விலை கோச்சின் பாக்கெட்டிலிருந்தே வருகிறது. 2013 நவம்பர் 27-ல் புரூக்ளின் கோச் ஜேசன் கிட் செய்ததைப் பாருங்கள். லேக்கர்ஸோடு ஆட்டம், கடைசி வினாடிகள், ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசிக்கொள்ளும் டைம் அவுட் கையில் இல்லை. கையில் குளிர்பானக் கோப்பையோடு நின்றவர், பெஞ்சுக்கு வந்த தன் ஆட்டக்காரரே தன்மேல் இடிக்கும்படி செய்து அதைக் கோர்ட்டில் கொட்டவைத்தார். தரையைத் துடைக்கும் நேரத்தில் அவருடைய ஆட்கள் கூடிப் பேசிக்கொண்டார்கள். அந்த இடத்தில் டெக்னிக்கல் வரவில்லை. மறுநாள் வீடியோ பார்த்து லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. சத்தமே போடாமல் செய்த ஒழுங்கீனம் அது. தாமதப்படுத்துவதும் டெக்னிக்கல்தான் என்பதை நடுவர்கள் மறந்துவிடுகிறார்கள், வாயை மட்டும்தான் கவனிக்கிறார்கள்.

பள்ளிப் போட்டியில் சம்பளம் பிடிக்கிற லீக் கிடையாது, மறுநாள் வீடியோ பார்க்கிற ஆளும் கிடையாது. அப்படியானால் கோச் மேலேயே விழுகிற தண்டனை ஒன்று அங்கே வேண்டாமா? இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தில் பல காலமாகவே இருக்கிறது. அங்கே கோச் பெஞ்சுக்கு முன்னால் நிற்பது ஒரு சலுகை. தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு டெக்னிக்கல் வந்தால், அவர் செய்ததாக இருந்தாலும் சரி, பெஞ்சில் வேறு யாரோ செய்து அவர் கணக்கில் ஏறியதாக இருந்தாலும் சரி, அந்தச் சலுகை போய்விடும். மிச்ச ஆட்டம் முழுக்க உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். டைம் அவுட் கேட்க எழலாம், டைம் அவுட்டின்போது பிள்ளைகளோடு நின்று பேசலாம், நல்ல ஆட்டம் ஒன்றைப் பார்த்துச் சட்டென்று எழுந்து கை தட்டினாலும் பரவாயில்லை. மற்றபடி நாற்காலிதான். இதோடு 2 ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்குப் போகும், அதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் என் கண்ணுக்கு முக்கியமானது அந்த நாற்காலி.

ஏன் என்றால், கோச் என்கிறவருக்கு நிற்பதுதான் பலம். கோட்டோரமாக நடப்பது, கை நீட்டுவது, பந்து அந்தக் கோடிக்குப் போகும்போது கூடவே நாலு அடி போவது, ஆட்டக்காரருடைய கண்ணைப் பிடிப்பது எல்லாம் நின்றால்தான் முடியும். உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் போகும், ஆனால் அதிகாரம் பாதியாகிவிடும். எந்த கோச்சிடமும் கேட்டுப் பாருங்கள், 1 புள்ளி வேண்டுமா, கடைசி வரை நிற்கிற உரிமை வேண்டுமா என்று. அதே நேரம் 9-ம் நம்பர் பெண்ணுக்கு அதில் இழப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னொரு நல்லதும் உண்டு: ஆட்டம் முடிகிற வரை அந்தத் தண்டனை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஸ்கோர் போர்டில் 1 புள்ளி கூடியது எந்தக் காரணத்தால் என்று பத்து நிமிடம் கழித்து வந்த பெற்றோருக்குத் தெரியாது. கோச் உட்கார்ந்திருப்பது தெரியும்.

இதற்கு எதிர்ப்பு வரும், வரவும் வேண்டும். உட்கார்ந்துகொண்டே கத்துவாரே என்பார்கள். கத்தினால் இரண்டாவது 'சி', வெளியே. அவர் எழுந்தாரா இல்லையா என்று நடுவர் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா என்பார்கள். இது நியாயமான கேள்வி. ஆனால் மரியாதைக் குறைவு எது என்று முடிவு செய்வதைவிட, ஒருவர் எழுந்து நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று முடிவு செய்வது எவ்வளவோ சுலபம். அதற்கு விளக்கம் தேவையில்லை, வாக்குவாதத்துக்கும் இடமில்லை. பெரியவர்களின் தொழில்முறை ஆட்டத்துக்கு இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அங்கே பணமும் தடையும் போதும். பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்குத்தான் சொல்கிறேன்.

விதி மாறுகிற வரை நடுவர் கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். 36-வது விதியே எச்சரிக்கை கொடுத்து டெக்னிக்கலைத் தவிர்க்கலாம் என்று வழி விட்டிருக்கிறது. தெரியாமல் நடந்த, ஆட்டத்தைப் பாதிக்காத சின்ன விஷயங்களைக் கண்டுகொள்ளாமலும் விடலாம். அப்படிப்பட்ட சின்ன விஷயங்களுக்கு, எச்சரித்த பிறகும் தொடர்ந்தால்தான் டெக்னிக்கல். அந்த எச்சரிக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஓடுகிற போக்கில் "போதும் சார்" என்று முணுமுணுப்பது எச்சரிக்கை இல்லை. கடிகாரம் நின்றிருக்கும்போது பெஞ்ச் பக்கம் நடந்து போய், கையைக் காலை ஆட்டாமல், "கோச், கேள்வி இருந்தா கேளுங்க, பதில் சொல்றேன். இந்தப் பேச்சு இதோட நிக்கணும்" என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மூன்றாவது வாக்கியம் சொன்னால் அது விவாதம் ஆகிவிடும். அப்புறம், இரண்டு அல்லது மூன்று நடுவர்கள் இருக்கும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு எச்சரிக்கை கொடுத்தால் கோச்சுக்கு மூன்று இலவச வாய்ப்பு கிடைத்தமாதிரி. ஒருவர் எச்சரித்தால் அது எல்லோருடைய எச்சரிக்கை என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், டேபிளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

எங்கே கோடு போடுவது என்பதற்கு நான் மூன்றைப் பார்ப்பேன்: பேச்சு தனிப்பட்டதாகிவிட்டதா, தகாத வார்த்தை வந்ததா, தொடர்ந்து வருகிறதா. "அது ஃபவுல் இல்ல" என்பது முடிவைப் பற்றிய பேச்சு. "நீ காசு வாங்கிட்டு ஊதுற" என்பது ஆளைப் பற்றிய பேச்சு, அதற்கு எச்சரிக்கையே தேவையில்லை. நம் மொழியில் இதற்கு இன்னொரு அளவுகோலும் கையிலேயே இருக்கிறது. வெளிநாட்டு நடுவருக்கு இல்லாத வசதி அது. 'சார்' போய், 'நீங்க' போய், 'நீ' வந்துவிட்டால் கோடு தாண்டியாகிவிட்டது. பழகிய இடத்தில், வயதில் மூத்த பி.இ.டி. மாஸ்டர் சின்ன வயது நடுவரை ஒருமையில் கூப்பிடுவது சகஜம்தான் என்று சிலர் சொல்வார்கள். டீக்கடையில் கூப்பிடட்டும். விசில் கழுத்தில் தொங்கும்போது அவர் தம்பியும் இல்லை, பழைய மாணவனும் இல்லை, நடுவர். இதை கோச்சைவிட முதலில் நம்ப வேண்டியவர் நடுவரேதான்.

கூட்டத்தைத் தூண்டுவது தனி. நம் ஊரில் பார்வையாளர்கள் கோட்டுக்கு ஓர் அடி தள்ளித்தான் நிற்கிறார்கள். கோச் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் விரித்துக் காட்டினால், ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் கூட, அடுத்த நிமிடம் நடுவர் பின்னால் நிற்கும் பத்துப் பேர் கத்த ஆரம்பிப்பார்கள். பெண் நடுவராக இருந்தால் அந்தக் கத்தல் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு எச்சரிக்கை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் 2018-19-க்குப் பிறகு சில ஆண்டுகளில் சுமார் 50,000 நடுவர்கள் விலகிப்போனதாக அங்குள்ள தேசியக் கூட்டமைப்பே சொன்னது. கொரோனா காலமும் அதில் சேர்ந்தது, ஆனால் மைதானத்தில் கிடைக்கும் வசவு பெரிய காரணம் என்று அவர்களே சொன்னார்கள். அந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தை நடத்திய பையனை அடுத்த வருடம் நான் எந்த டேபிளிலும் கோர்ட்டிலும் பார்க்கவில்லை.

'டி' கொடுக்கும் விதமும் முக்கியம். விசில், கை, அவ்வளவுதான். கோச்சை நோக்கி ஓடக் கூடாது, முறைக்கக் கூடாது, கையை ஓங்கி அறைகிற மாதிரி 'டி' போடக் கூடாது. நேராக டேபிளுக்கு வந்து சொல்லிவிட்டு, கோச்சிடமிருந்து தள்ளிப் போய்விட வேண்டும். கூட இருக்கும் நடுவர் வந்து கோச்சுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளட்டும், தேவைப்பட்டால் அவர் விளக்கட்டும். டெக்னிக்கல் கொடுத்தவரே அங்கே நின்றால் இரண்டாவது டெக்னிக்கல் ஒரு நிமிடத்தில் வரும், அது யாருக்கும் நல்லதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஏதாவது நடந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் ஒருவர் ஒழுங்கீனமாக நடந்தால், அதை ஷீட்டில் குறித்துப் போட்டி நடத்துபவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நான் எழுதிய ஷீட்டுகளில் அந்தக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. கை குலுக்க வந்த நடுவரின் கையைத் தட்டிவிட்டுப் போன கோச்சுகளை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நாற்காலித் தண்டனைக்கு ஃபிபா விதி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளி அளவுப் போட்டி நடத்துபவர்கள் தங்கள் போட்டிக்கென்று சில விதிகள் வைத்துக்கொள்கிறார்கள், குவார்ட்டர் நேரத்தைக் குறைக்கிறார்கள், எல்லாப் பிள்ளைகளையும் ஆட வைக்க வேண்டும் என்கிறார்கள். முதல் நாள் காலையில் கோச்சுகளையும் மேனேஜர்களையும் கூட்டி வைத்து டீ கொடுத்து ஃபிக்ஸ்சர், அதாவது யாரோடு யார் எப்போது ஆடுவது என்ற பட்டியல், படிக்கிறார்கள் அல்லவா, அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்: "தலைமைப் பயிற்சியாளர் கணக்கில் 'சி' அல்லது 'பி' ஏறினால், அந்த ஆட்டம் முடியும்வரை அவர் டைம் அவுட் தவிர மற்ற நேரங்களில் உட்கார்ந்தே இருக்க வேண்டும்." எல்லா கோச்சும் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், ஒரு பிரதியை ஸ்கோர் டேபிளில் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைக்கட்டும். ஆட்டத்தில் 'டி' வந்ததும் நடுவர் எதுவும் பேச வேண்டியதில்லை, டேபிளில் இருப்பவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டி நாற்காலியைச் சுட்டினால் போதும். அந்த டேபிளில் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தால் முதல் ஆளாக நானே காட்டுவேன்.